தாத்தாவுக்கு அந்தப் பெட்டி கிடைத்ததா?

கோத்தகிரிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தாத்தா இரண்டாம் உலகப்போரில் ராணுவ லாரி ஓட்டியவர். 1942இல் லிபியாவில் பிடிபட்டு, முதலில் இத்தாலியிலும் பிறகு ஜெர்மனியிலும் போர்க்கைதியாக இருந்து, சண்டை முடிந்தபின் ஊர் திரும்பியிருக்கிறார். “ரெட் கிராஸ்காரங்க வாரா வாரம் பெட்டி அனுப்பினாங்க, அதைத் தின்னுதான் உசுரோட வந்தாரு” என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாராம். பெரியப்பாவோ, “அதெல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு. நம்ம ஆளுக்கு வந்தது மாட்டுக்கறி டின்னு. அதை யாரு தின்னது?” என்கிறார். வீட்டில் கொத்தமல்லி போட்டு வைக்கும் பழைய ‘கிளிம்’ பால்பவுடர் டின் ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டியில் வந்ததுதான் அது என்பது குடும்பத்தின் நம்பிக்கை. யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. இந்தியச் சிப்பாய்க்கென்று பார்சல் அனுப்பினார்களா? அனுப்பியது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்ததை அவரால் சாப்பிட முடிந்ததா? முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு வருஷத்துக்கு வருஷம், முகாமுக்கு முகாம் வேறு பதில். மூன்றாவதில்தான் பாட்டியும் பெரியப்பாவும் பிரிகிறார்கள். இரண்டு பேர் பேச்சிலும் உண்மை இருக்கிறது.

நான் ஆர்மி சர்வீஸ் கோரில் ரேஷன் சாமான் சோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன். அரிசி, பருப்பு, மாவு, டின் எது வந்தாலும் எடை பார்த்து, ஈரம் பார்த்து, தட்டிப் பார்த்து, ஏற்கலாமா திருப்பி அனுப்பலாமா என்று கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. குன்னூரில் குடியேறிய பிறகு வெல்லிங்டனைச் சுற்றியுள்ள பட்டாளத்துக் குடும்பங்கள் தாத்தா காலத்துக் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டத் தொடங்கின. அப்படித்தான் போர்க்கைதிகள் விஷயம் எனக்குப் பழக்கமானது. எடை, அளவு, சத்துக் கணக்கு என்றால் தைரியமாகப் பேசுவேன். ஒரு தனி மனிதர் எந்த மாதம் எந்த முகாமில் என்ன சாப்பிட்டார் என்பதை அவருடைய காகிதங்கள்தான் சொல்ல வேண்டும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் குழப்பம் கிடையாது. 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, பிடித்து வைத்திருக்கும் நாடு தன் டிப்போவில் (பின்தளப் பாசறையில்) இருக்கும் சொந்தப் படையினருக்குத் தரும் அதே அளவு, அதே தரத்தில் கைதிக்கும் சாப்பாடு போட வேண்டும் என்கிறது. 37ஆம் பிரிவு, கைதிகள் உணவும் உடையும் அடங்கிய பார்சல் பெறலாம், ரசீது வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்கிறது. 38ஆம் பிரிவு, அவற்றுக்குத் தபால் கட்டணமும் சுங்கமும் கூடாது என்கிறது. அதாவது சோறு போடுவது பிடித்தவன் கடமை, பார்சல் அதற்கு மேல் வருவது. இந்த வரிசை நடைமுறையில் தலைகீழானது. முகாமில் கொடுத்தது கருப்பு ரொட்டி, உருளைக்கிழங்கு, தண்ணீராக ஓடும் சூப். அதை வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஒரு ஆண்பிள்ளை எடை குறையாமல் இருக்க முடியாது. மேலே வரவேண்டிய பெட்டி, பல முகாம்களில் ஆளை நிறுத்திவைத்த சாப்பாடாகவே ஆனது. பாட்டி சொன்ன “உசுரோட வந்தாரு” மிகைப்பேச்சு இல்லை.

இனி இந்தியருக்கென்று வந்த பெட்டி. லண்டனில் ஆல்ட்விச் தெருவிலுள்ள இந்தியா ஹவுஸில் 1939 டிசம்பரில் ‘இந்தியன் கம்ஃபர்ட்ஸ் ஃபண்ட்’ என்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள். இங்கிலாந்தில் இருந்த இந்தியப் பெண்களும் ஆங்கிலேயப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து கட்டிய பார்சல்கள் போர் முடியும்போது 16 லட்சத்தைத் தாண்டியிருந்தன. அந்தப் பெட்டியின் பட்டியலைப் பார்த்தால் கட்டியவர்களுக்கு நம் சாப்பாடு தெரியும் என்று புரியும். மாவு 16 அவுன்ஸ் (ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம்), பருப்பு 16 அவுன்ஸ், அரிசி 14 அவுன்ஸ், மார்ஜரின் 8 அவுன்ஸ், சர்க்கரை 8 அவுன்ஸ், டின் பால் 12 அவுன்ஸ், பில்சார்ட் என்ற மத்தி வகை மீன் 16 அவுன்ஸ், பாகில் போட்ட பழம் 8 அவுன்ஸ், சாக்லேட் 4 அவுன்ஸ், கறி மசாலாத் தூள் 2 அவுன்ஸ், தேயிலை 2 அவுன்ஸ், உப்பு 1 அவுன்ஸ், முட்டைத் தூள் 1 அவுன்ஸ், எட்டு பிஸ்கட், 2 அவுன்ஸ் சோப்பு. ஆட்டுக்கறிகூட இல்லை, மாடும் பன்றியும் அறவே இல்லை. அதே காலத்துப் பிரிட்டிஷ் பெட்டியில் இறைச்சி ரோல், சீஸ், ஜாம், கோகோ, டின் புட்டிங் இருக்கும். கனடாவின் பெட்டியில் ஒரு பவுண்டு வெண்ணெய், ஒரு பவுண்டு பால்பவுடர், மாட்டுக்கறி, பன்றிக்கறி, சால்மன் மீன், உலர்ந்த பழம் என்று வசதியாகவே இருக்கும். ஆக, “அதெல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு” என்ற பெரியப்பாவின் பாதிப் பேச்சு இங்கே நிற்காது.

பட்டியலைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது என் கணக்கு, எந்த ஆவணத்திலும் இருப்பது அல்ல. சாப்பிடக்கூடிய சாமான் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். மாவு, பருப்பு, அரிசி மூன்றும் சேர்ந்தே 4,500 கலோரி. மார்ஜரின் 1,600, பாலும் சர்க்கரையும் 2,000, மீன், சாக்லேட், மற்றது எல்லாம் சேர்த்தால் மொத்தம் 10,000 கலோரிக்கு முன்பின் வருகிறது. வாரத்துக்கு ஒரு பெட்டி முழுதாகக் கிடைத்தால் ஒரு நாளைக்கு 1,400 கலோரி. வேலை செய்யும் ஆணுக்கு 2,800 வேண்டும் என்று வைத்தால் சரிபாதி. மீதிப் பாதியை முகாம் கொடுத்தால் ஆள் தப்பிப்பான். பெட்டி வராமல் நின்றால் நாலைந்து வாரத்தில் கன்னம் ஒட்டும், பெட்டி மட்டும் வந்து முகாம் ரேஷன் நின்றாலும் அப்படியே. என் பார்வையில் அந்தப் பட்டியலில் பருப்புதான் விலை மதிப்பில்லாத சாமான். கலோரி யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கால் வீங்கும் பெரிபெரி நோய் வராமல் காக்கும் தயமின் சத்து பருப்பில் இருக்கிறது. குறை என்றால் வைட்டமின் சி. பாகில் போட்ட அந்த எட்டு அவுன்ஸ் பழத்தை நம்பி ஒரு வாரம் ஓட்ட முடியாது. முகாமில் கிடைத்த உருளைக்கிழங்குதான் அந்த ஓட்டையை அடைத்திருக்கும்.

பருப்பு என்றதும் நம் மலைக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே புரியும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேக வைப்பவர் பாடு எல்லோரும் அறிந்தது. ஐரோப்பிய முகாம்கள் பெரும்பாலும் சமவெளியில்தான், அங்கே பிரச்சினை விறகு. கைதிக்குக் கிடைக்கும் கொஞ்ச நஞ்ச விறகிலும் நிலக்கரியிலும் பருப்பு வேகவைப்பது கஷ்டம். பிரிட்டிஷ் பெட்டியைத் திறந்தால் கரண்டி போதும். நம் பெட்டிக்கு அடுப்பு வேண்டும், பாத்திரம் வேண்டும், ரொட்டி தட்டத் தெரிந்த கை வேண்டும். அதனால் இந்தியப் பெட்டியின் பயன், முகாமில் இந்தியர்களுக்குத் தனிச் சமையல்கூடம் இருந்ததா என்பதில் தொங்கியது. இந்தியர்களை ஒன்றாக வைத்த முகாம்களில், உதாரணமாக ஜெர்மனியில் அன்னாபர்க், சாமான்களைச் சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் சமைக்க வழி இருந்தது. ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், பிரெஞ்சுக்காரர் எல்லோரும் கலந்த வழிமுகாமில் பத்து இந்தியர்கள் மட்டும் மாட்டிக்கொண்டால் பச்சைப் பருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெட்டி வந்து சேர்ந்த கதை சுவாரசியமானது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் லிஸ்பன், போர்ச்சுக்கல் நடுநிலை நாடு. அங்கிருந்து செஞ்சிலுவைக் குறி பெரிதாக வரைந்த கப்பலில் தெற்குப் பிரான்ஸின் மார்செய், பிறகு ரயிலில் ஜெனீவா. ஜெனீவாவில் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் கிடங்குகள். அங்கிருந்து சீல் வைத்த ரயில் பெட்டிகளில் முகாமுக்கு. முகாமில் இறங்கியதும் எண்ணிப் பார்த்து ரசீதில் கையெழுத்துப் போடுவது ஜெர்மன் அதிகாரி அல்லர், கைதிகளே தேர்ந்தெடுத்த பொறுப்பாளர். 1929 உடன்படிக்கையின் 43ஆம் பிரிவிலேயே இந்தப் பொறுப்பாளர் ஏற்பாடு உண்டு. என் தொழிலில் ஊறிப்போனவன் என்பதால் சொல்கிறேன், முழு ஏற்பாட்டிலும் உயிர்நாடி இந்த ரசீதுதான். 500 பெட்டி புறப்பட்டு 430க்கு ரசீது வந்தால் 70 எங்கே என்று ஜெனீவா கேட்கும். கேட்பதற்கு ஆள் இருக்கிறான் என்று காவல்காரனுக்குத் தெரிந்தால் கைவைக்க யோசிப்பான். பிரிட்டன் 2 கோடி, கனடா 1.6 கோடி, அமெரிக்கா 2.7 கோடி என்று அந்தப் போரில் அனுப்பிய பெட்டிகளில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்ததற்கு நல்ல மனசு மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதே ஜெர்மனியில், சில இடங்களில் ஒரே முகாமின் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், ரஷ்யக் கைதிகள் இருந்தார்கள். சோவியத் யூனியன் 1929 உடன்படிக்கையில் சேரவில்லை. அவர்களுக்குப் பெட்டியும் இல்லை, ஜெனீவாவின் ஆய்வாளர் வருகையும் இல்லை. பிடிபட்ட சுமார் 57 லட்சம் பேரில் 33 லட்சம் பேர்வரை செத்துப்போனார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பரவலாக ஏற்கும் கணக்கு. ஜெர்மானியர் பலர் பிரிட்டிஷ், அமெரிக்கக் கையில் கைதிகளாக இருந்தார்கள். இங்கே நம் ஆளைப் பட்டினி போட்டால் அங்கே தன் ஆள் பட்டினி கிடப்பான் என்ற பயம் பெர்லினுக்கு இருந்தது. கிழக்கே அந்தப் பயம் வேலை செய்யவில்லை, இன வெறி வேலை செய்தது. உங்கள் தாத்தா பிரிட்டிஷ் இந்தியப் படையின் எண்ணைக் கழுத்தில் போட்டிருந்ததால் முதல் வரிசையில் நின்றார்.

வாரத்துக்கு ஒரு பெட்டி என்பது இலக்கு. நடப்பில் ஒரு பெட்டியை இருவர், நால்வர் பங்கிட்டதும் உண்டு, மாதக்கணக்கில் வராததும் உண்டு. இன்னொரு தொல்லை, ஜெர்மன் காவலர்கள் டின்களைக் கொடுப்பதற்கு முன் கத்தியால் குத்தி ஓட்டை போடுவார்கள். கைதி சேர்த்து வைத்துக்கொண்டு தப்பி ஓடக் கூடாது, உள்ளே எதுவும் ஒளித்து வரக்கூடாது என்பதற்காக. டின் சாமான் சோதித்தவனுக்கு இதன் பொருள் உடனே தெரியும். மூடிய டின் வருஷக்கணக்கில் கெடாது, குத்திய டின் இரண்டு நாள்கூடத் தாங்காது. மீன் டின் என்றால் மறுநாளே தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரு வாரத்துக்கென்று கட்டியதை இரண்டே நாளில் தின்று தீர்த்துவிட்டு ஐந்து நாள் காய வேண்டும், இல்லையென்றால் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து இன்று உன் டின், நாளை என் டின் என்று திறக்க வேண்டும். கைதிகள் இரண்டாவதைச் செய்தார்கள். முகாம் நினைவுகளில் ‘என் கூட்டாளி’ என்ற பேச்சு அடிக்கடி வருவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது மாட்டுக்கறிக்கு வருவோம். பெரியப்பா அதைக் கற்பனையில் சொல்லவில்லை. இந்தியப் பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்தால் எந்த நாட்டுப் பெட்டி கையில் இருந்ததோ அதைக் கொடுத்தார்கள், அதில் மாட்டுக்கறி டின் இருந்தது. அதை என்ன செய்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. ராட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இத்தாலி, ஜெர்மனி முகாம்களில் தானே கைதியாக இருந்தவர். விடுதலையானதும் 1945இல் முகாமுக்குள் நடந்த சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிகரெட்தான் அங்கே பணம், எல்லா டின்னுக்கும் சிகரெட்டில் விலை. அதில் ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறார். உருது தெரிந்த ஒருவன், சீக்கியர்களிடம் போய் அவர்கள் தின்னாத இறைச்சியை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு வெண்ணெயும் ஜாமும் கொடுத்து லாபம் பார்த்தானாம். விஷயம் வெளியே தெரிந்து மற்றவர்களும் அந்த வியாபாரத்தில் புகுந்ததும், இந்தியர் பகுதி விலையும் வெளி விலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதாம். அதாவது தாத்தாவுக்கு மாட்டுக்கறி டின் வந்திருக்கலாம், அவர் அதைத் தொடாமல் இருந்திருக்கலாம், ஆனால் அது வீணாகியிருக்காது. ஜாமாகவோ சிகரெட்டாகவோ மாறியிருக்கும். பாஷை தெரியாத புதுசில் அடிமாட்டு விலைக்குப் போயிருக்கும் என்பது என் ஊகம். தின்றவர்களும் இருந்திருப்பார்கள். பசியில் எதையும் தின்றுவிட்டு ஊருக்கு வந்து வாய் திறக்காமல் இருந்த மனிதர்களை நாம் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

காலவரிசையையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1942 ஜூன் 21 அன்று லிபியாவின் டோப்ரூக் துறைமுகம் விழுந்தபோது சுமார் 33,000 பேர் பிடிபட்டார்கள், அதில் 11ஆவது இந்தியப் படைப்பிரிவும் உண்டு. லிபியாவில் பிடிபட்டவர்களை வைத்துக்கொண்டது இத்தாலி. முதலில் வட ஆப்பிரிக்காவிலேயே கூண்டுகள், பிறகு கப்பலில் இத்தாலி. பிடிபட்ட முதல் மாதங்களில் பெட்டி வராது. கைதியின் பெயரும் எண்ணும் ஜெனீவாவுக்குப் போய், முகாம் முடிவாகி, அந்த முகாமின் கணக்கில் ஏறிய பிறகுதான் வரும். 1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மானியர் கைதிகளை ரயிலேற்றி வடக்கே கொண்டுபோனார்கள். அந்த மாற்றத்தில் எல்லோருக்கும் சில மாதம் வறட்சிதான். 1943 கடைசியிலிருந்து 1944 கோடைவரை ஓரளவு ஒழுங்காக வந்த காலம். பாட்டியின் “வாரா வாரம்” இந்தக் காலத்துக்குப் பொருந்தும். 1944 ஆகஸ்டில் நேசநாடுகள் தெற்குப் பிரான்ஸில் இறங்கியதும் மார்செய் வழி அடைபட்டது. ராட்ஃபோர்டும் அந்த ஆகஸ்டில் பெட்டியும் சிகரெட்டும் பாதியானதை எழுதியிருக்கிறார். பிறகு ஸ்வீடன் வழியாக ஜெர்மனியின் லூபெக் துறைமுகம், ஜெர்மன் ரயில் தண்டவாளங்கள் குண்டுக்கு இரையானபின் வெள்ளை அடித்த லாரிகள். கடைசிக் குளிர்காலம் எல்லா முகாம்களிலும் பசிக் காலம்.

இடையில் பிரான்ஸுக்கு மாற்றப்பட்ட இந்தியர்களும் உண்டு. எபினால் ஊர் முகாமில் இருந்தவர்கள், 1944 மே 11 அன்று அமெரிக்க விமானங்கள் அங்கே குண்டு போட்டபோது சுவர் உடைந்த வழியாக வெளியேறி, சுமார் 500 பேர் நடந்தே சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். வழியில் பிரெஞ்சுக் கிராமத்தார் ரொட்டியும் படுக்க இடமும் கொடுத்தார்கள். உங்கள் தாத்தா சுவிட்சர்லாந்து, பனிமலை, பால்கட்டி என்று எப்போதாவது பேசியிருந்தால் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்க வாய்ப்புண்டு. அதிகாரிகள் வேறு முகாம்களில். பின்னாளில் ராணுவத் தளபதியான நம் திருச்செங்கோட்டுப் பக்கத்து குமாரமங்கலம் லிபியாவில் பிடிபட்டு, இத்தாலியில் இருந்து தப்பி, மறுபடி அகப்பட்டு ஜெர்மனியில் முடிந்தவர்.

தாத்தா லிபியாவுக்குப் பதில் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டிருந்தால் என் பதில் அடியோடு மாறியிருக்கும். இதைச் சொல்லாமல் போனால் பெட்டி என்றால் எங்கும் வந்தது என்ற எண்ணம் தங்கிவிடும். ஜப்பான் 1929 உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, ஆனால் உறுதிசெய்யவில்லை. ஜப்பானியர் பிடியில் இருந்தவர்களுக்கு மூன்றரை வருஷத்தில் வந்த பெட்டிகளை விரல்விட்டு எண்ணலாம். 1943 அக்டோபரில் நம் கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் இரு தரப்பும் ஆட்களை மாற்றிக்கொண்டபோது நிவாரணச் சாமானும் ஜப்பானியக் கப்பலில் ஏறியது. வந்ததிலும் ஒரு பகுதி கிடங்கிலேயே பூட்டிக் கிடந்து, ஜப்பான் சரணடைந்த பிறகு திறக்கப்பட்டது. உமி நீக்கிப் பாலிஷ் போட்ட அரிசியும் கொஞ்சம் கீரையும் தின்று பெரிபெரியில் கால் வீங்கியவர்களுக்கு அரிசித் தவிட்டைக் கரைத்துக் கொடுத்துக் காப்பாற்றிய முகாம் மருத்துவர்கள் உண்டு.

அதற்கும் கீழே ஒரு கூட்டம் இருந்தது. ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில்பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், 12,000க்கு மேல் செத்தார்கள். அதே பாதையில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அவர்களில் இறந்தவர் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறாகச் சொல்லப்படுகிறது, 90,000 என்பது பலர் சொல்லும் மதிப்பு. அவர்கள் சிப்பாய்கள் இல்லை, ஆகவே கைதிகளும் இல்லை, ஆகவே ஜெனீவாவின் கணக்கேட்டில் பேர் இல்லை. பேர் இல்லாதவனுக்கு எந்த விலாசத்துக்குப் பெட்டி கட்டுவது? அந்தப் போரில் பசியிலும் நோயிலும் செத்த நம் மக்களில் இவர்களும் உண்டு. பட்டாளத்துக் கதையை மட்டும் பேசும்போது எனக்கு இது உறுத்தும்.

இதே கேள்வியின் கீழே சிலர் நீலகிரியிலும் கைதி முகாம் இருந்ததாமே என்று எழுதியிருந்தார்கள். இருந்தது. தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களை (அங்கே குடியேறிய டச்சு வழி வெள்ளையர்) 1901 முதல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது முகாம் அமைத்த இடங்களின் பட்டியலில் திருச்சியும் பெல்லாரியும் நம் கேத்தியும் உண்டு. 1902 மே 31இல் சமாதானம் ஆனபின் அவர்கள் ஊர் திரும்பினார்கள். கைதிக்குச் சொந்தப் படைக்கு இணையான சாப்பாடு, நிவாரணப் பொருளுக்குச் சுங்க விலக்கு என்ற இரண்டு விதியும் 1899 ஹேக் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டுவிட்டன, 1929 அவற்றை விரித்தது. இதுவரை உறுதி. நீலகிரியின் நடுவட்டத்தில் இருந்த சீனர்களை அபினிப் போரில் பிடிபட்ட வீரர்கள் என்று சொல்வது மட்டும் சரியில்லை. 1860களில், கொய்னா மருந்து தரும் சிங்கோனாத் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அவர்கள், மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து மாற்றப்பட்ட தண்டனைக் கைதிகள். பழைய கற்சுவர் ஒவ்வொன்றையும் இத்தாலிக்காரக் கைதி கட்டியது என்று வழிகாட்டிகள் சொல்வதையும் காகிதம் பார்க்காமல் நம்ப வேண்டாம். இத்தாலியக் கைதிகளுக்குப் பெங்களூரில் பெரிய முகாம்கள் இருந்தன, அங்கிருந்து கிளைத்த பேச்சாக இருக்கலாம்.

1949இல் ஜெனீவா உடன்படிக்கையைத் திருத்தி எழுதியவர்கள் இந்த அனுபவத்தை எல்லாம் மனதில் வைத்திருந்தார்கள் என்பது 26ஆம் பிரிவைப் படித்தால் தெரியும். டிப்போ படைக்கு இணை என்ற அளவுகோலை விட்டுவிட்டு, எடை குறையாமலும் சத்துக்குறை நோய் வராமலும் இருக்கும் அளவுக்குச் சாப்பாடு என்றார்கள். கைதியின் வழக்கமான உணவுமுறையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்கள். சாப்பாட்டைக் குறைத்துக் கூட்டுத் தண்டனை கொடுப்பதைத் தடுத்தார்கள். 1971 போருக்குப் பின் சுமார் 93,000 பாகிஸ்தானியரை நாம் வைத்திருந்தபோது இந்த விதிதான் கையில் இருந்தது.

இனி அந்த டின். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கிளிம் பால்பவுடர் கனடா, அமெரிக்கப் பெட்டிகளில் வந்தது உண்மை. முகாம்களில் அந்த டின்னை வைத்து அடுப்பு, குவளை, சுரங்கத்துக்குக் காற்றுக் குழாய்வரை செய்தார்கள். ஆனால் அது கடையில் விற்ற சரக்கும்கூட. மேலே கத்தி குத்திய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பேச்சுக்கு இடமுண்டு. டின்னைவிட முக்கியம் காகிதங்கள். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டில் படை எண்ணும் பிரிவும் இருக்கும். லாரி டிரைவர் என்பதால் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டாக இல்லாமல் அந்நாளைய ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோராக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆகவே மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் உள்ள வெல்லிங்டனில் விசாரித்து இல்லை என்று சொன்னால் மனம் தளர வேண்டாம். பாட்டியின் பெட்டியில் முகாமிலிருந்து வந்த அட்டை ஒன்றாவது கிடக்கும், பெரும்பாலும் கிடக்கிறது. இத்தாலி அட்டையில் ‘பி.ஜி.’ (போர்க்கைதி என்பதன் இத்தாலியச் சுருக்கம்) என்ற எழுத்தும் முகாம் எண்ணும் இருக்கும். ஜெர்மன் அட்டையில் ‘ஸ்டாலாக்’ (சிப்பாய்க் கைதிகளின் முகாம்) என்று போட்டு ரோமன் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும், ரோமன் எண் ராணுவ மாவட்டத்தைக் குறிக்கும். ‘கெப்ரூஃப்ட்’ என்ற முத்திரை தணிக்கை செய்தாயிற்று என்பதற்கு. தாத்தாவின் படை எண், பிறந்த வருஷம், தகப்பனார் பெயர் மூன்றையும் வைத்து ஜெனீவா சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் ஆவணப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஏற்கும் காலத்தை அவர்கள் தங்கள் தளத்தில் அறிவிப்பார்கள், பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அட்டை அகப்பட்டால் பெயரையும் படை எண்ணையும் மறைத்துவிட்டு, முத்திரைகள் தெரியும்படி இரண்டு பக்கத்தையும் படமெடுத்து இங்கே போடுங்கள். தேதியையும் முகாமையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மாதம் அங்கே பெட்டி வர வழி இருந்ததா இல்லையா என்று சொல்ல முயல்கிறேன்.